இடப்பக்க பிரேக்

ஜூன் 3, திங்கள்

டயர்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி ஐந்து மாதமாக மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதப்போகிறேன். வருகிற ஆகஸ்ட்டில் எங்கள் துளசி பெண்கள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் பதினேழு வருடம் நிறைகிறது. ஆயிரத்துச் சொச்சம் பெண்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். ஒரு வண்டியிலும் ஒரு கீறல் விழவிட்டதில்லை. இதையெல்லாம் யாராவது எழுதிவைக்க வேண்டும். வேறு யாரும் எழுதுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் துளசிமணியாகிய நானே எழுதுகிறேன்.

எங்கள் காரில் இடப்பக்கம் உட்காருகிற எனக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவள் பதறினால் என் கால் முந்திக்கொள்ளும். வண்டி நின்றதும் தான்தான் நிறுத்தினோம் என்று நினைத்து அவள் சிரிப்பாள். நான் வாயைத் திறக்க மாட்டேன். முதல் பத்து நாள் தைரியம் வருவது அப்படித்தான். ஈரோட்டுப் பெண்கள் பாதிப் பேரின் தைரியம் என் வலது காலில் இருந்து போனது.

காலை ஆறு மணிக்கு மாரப்பன் வந்தான். இரண்டு கார்களின் பராமரிப்பும் ஸ்கூட்டர் வகுப்பும் அவன் பொறுப்பு. வாசலிலேயே நிறுத்தி, "ஊது" என்றேன். ஊதினான். பல்பொடி வாசம்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவன் காலையிலேயே சாராய வாடையோடு வந்து என் காரைத் தொட்டான். அன்றைக்கே அனுப்பிவிட்டேன். அதிலிருந்து என்னிடம் வேலை செய்கிற யாராக இருந்தாலும் ஊதிவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். மாரப்பன் சொட்டு தொடாதவன். ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

ஜூன் 6, வியாழன்

புது பேட்ச்சுக்கு வகுப்பு. ஸ்கேல் விளையாட்டு நடத்தினேன். ஒருத்தி ஸ்கேலின் உச்சியைப் பிடித்துச் சொல்லாமல் விடுவாள். இன்னொருத்தி கீழே விரலை விரித்து வைத்துக்கொண்டு, விழும்போதே பிடிக்க வேண்டும். எந்த சென்டிமீட்டரில் பிடித்தாள் என்று பார்த்தால் கண்ணுக்கும் கைக்கும் உள்ள வேகம் தெரிந்துவிடும். பதினேழு வருடமாக நான் பதினான்கில் பிடிக்கிறவள். கண்ணை மூடித் திறப்பதற்குள் என்பார்களே, அதற்கும் முன்னால்.

இன்று ஸ்கேல் வழுக்கிவிட்டது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தேன், விரலில் பிசுபிசுப்பு. கல்லூரியில் பாடம் நடத்துகிற நஸ்ரினைப் பிடிக்கச் சொன்னேன். பதினேழு. கைதட்டச் சொன்னேன்.

ஜூன் 11, செவ்வாய்

சுபத்ராவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். நாற்பத்தொரு வயது, அங்கன்வாடியில் வேலை. கணவருக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் கோயம்புத்தூருக்கு டயாலிசிஸ். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனுஷன் துவண்டுபோகிறாராம். அண்ணன் தன் பழைய காரைத் தருகிறார், ஓட்டத்தான் ஆள் இல்லை. "ஜூலைக்குள்ள லைசென்ஸ் எடுத்தாகோணுமுங்க அக்கா" என்று முதல் நாளே சொன்னாள்.

இன்று பெருந்துறை ரோட்டில் ஒரு பால்காரர் சந்திலிருந்து மொபெட்டோடு குறுக்கே பாய்ந்தார். நான் பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோவதற்குள் சுபத்ரா வண்டியை நிறுத்திவிட்டாள்! என்னை முந்தி ஒரு மாணவி பிரேக் பிடித்தது இந்தப் பதினேழு வருடத்தில் முதல் தடவை. தோளில் தட்டிக் கொடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. அடக்கமான பெண்.

ஜூன் 13, வியாழன்

நஸ்ரினும் அப்படியே. திண்டல் மேட்டில் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. நான் அமுக்குவதற்கு முன்னால் அவளே பிடித்துவிட்டாள். இந்த பேட்ச்சே தனி. சொல்லிக்கொடுக்கிறவள் அப்படி.

ஜூன் 15, சனி

இந்த டைரியை யாரும் படிக்கப்போவதில்லை. ஆகவே எழுதலாம்.

போன மார்கழியில் எனக்கு என்னவோ ஆயிற்று. மூன்று வாரம் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது, அந்தத் துக்கம் ஆறிவிட்டது. மகள் ஓசூரில் நன்றாக இருக்கிறாள். தொழிலுக்குக் குறைவில்லை. ஒரு குறையும் இல்லாமல் ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் அதைவிட அவமானம் என்ன இருக்கிறது? இடுப்புவலி என்று எல்லோரிடமும் சொன்னேன். கடைசியில் முக்காடு போடாத குறையாக ஒரு மனநல டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். இரவில் ஒரு மாத்திரை எழுதினார். தூக்கம் பிடிக்கிற வரைக்கும் கூட ஒரு சின்ன மாத்திரை. பொங்கலுக்கு எழுந்துவிட்டேன், கோலம்கூடப் போட்டேன். மாத்திரை என்றால் அது மாத்திரை!

சின்ன மாத்திரையை அவர் பத்து நாளைக்குத்தான் எழுதினார். ஆனால் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை. மெடிக்கல்காரருக்கு என்னை நன்றாகத் தெரியும், அவர் மருமகளுக்கு நான்தான் கார் கற்றுக்கொடுத்தேன். சீட்டுக் கேட்பதில்லை. இப்போது ஒன்று போதவில்லை, ஒன்றரை போடுகிறேன். காலையில் ஐந்தரைக்கு டாண் என்று எழுந்துவிடுகிறேனே, அப்புறம் என்ன?

ஜூன் 19, புதன்

ஷெட்டிலிருந்து காரை எடுக்கும்போது தூண் உரசிவிட்டது. தூணை அந்த இடத்தில் கட்டியவனைச் சொல்ல வேண்டும். வண்டியில் மாணவி யாரும் இல்லாததால் இது கீறலில் சேராது. மாரப்பன் குனிந்து கதவைத் தடவிப் பார்த்தான்.

ஜூன் 20, வியாழன்

இஞ்சி, பால், துணி சோப்பு. மெடிக்கலில் இரண்டு அட்டை.

ஜூன் 22, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24, திங்கள்

எழுத இருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணி. கௌரி ஓட்டினாள். பத்தொன்பது வயது, சேர்ந்து நான்கே நாள். சம்பத் நகர்த் திருப்பத்தில் டியூஷனுக்குப் போகிற ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நாய் குறுக்கே வந்ததும் அவள் சடாரென்று நின்றுவிட்டாள். கௌரி இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிட்டு, "அக்கா!" என்று கத்தினாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அதற்காகத்தான் இடப்பக்கம் நான் இருக்கிறேன்.

நான் சைக்கிளைப் பார்த்தேன். தெளிவாகப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் பையில் தொங்கிய தண்ணீர் பாட்டில் நீலம் என்பதுவரை சொல்ல முடியும். பிரேக் என்று எனக்குள் சொல்லிக்கொண்டதும் நினைவிருக்கிறது. கால் போகவில்லை. போனது, வண்டி சைக்கிளை இடித்த பிறகு போனது.

முட்டியில் சிராய்ப்பு, உள்ளங்கையில் ஒரு தையல். மெதுவாகப் போனதால் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டு, அவள் அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா, "புதுசா ஓட்டிப் பழகற புள்ளைங்க, பாவம் என்ன பண்ணும்" என்று சொல்லி எனக்கே காபி கொடுத்தார். தப்பைக் கௌரி மேல் போட்டுவிட்டார். நான் காபியைக் குடித்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு காபி குடிப்பேன் என்று நினைக்கவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் மாரப்பனை ஊதச் சொன்னேன். ஊதினான். சாவியை எடுக்காமல் நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒம்பது வருசமா நீங்க ஊதச் சொல்றீங்க, நானும் ஊதறனுங்க. இன்னைக்கு நான் ஒண்ணு சொல்லட்டுங்களா?"

"சொல்லு."

வகுப்பறையிலிருந்து ஸ்கேலைக் கொண்டுவந்தான். "புடிங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மாரப்பா, யாருகிட்ட என்ன வெளையாட்டு?"

"வெளையாட்டு இல்லீங்க. புடிச்சுட்டீங்கன்னா நான் இனி வாயத் தொறக்க மாட்டனுங்க."

விரலை விரித்தேன். ஸ்கேல் தரையில் விழுந்தது. இன்னொரு தடவை. தரையில் விழுந்தது. மூன்றாவது தடவை இருபத்தெட்டில் பிடித்தேன், அதுவும் நுனியில். அவன் கையை வைக்கச் சொன்னேன். பதினெட்டு.

மாலை ஐந்து மணிக்கு நானே அவனைக் கூப்பிட்டு ஸ்கேலை விடச் சொன்னேன். இருபது. மறுபடியும் இருபது. காலையில் இல்லாத கை மாலையில் எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து யோசித்தேன். பால்காரரை நினைத்தேன், திண்டல் மேட்டை நினைத்தேன், தூணை நினைத்தேன். எல்லாமே காலை நேரம். முந்தின இரவு வாயில் போட்டது காலையிலும் எனக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது.

அத்தனை மாத்திரையையும் குப்பையில் கொட்டிவிட்டேன். துளசிமணிக்கு மாத்திரையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

ஜூன் 28, வெள்ளி

தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது. மார்கழிச் சுவர் திரும்பி வந்துவிட்டது. பள்ளிக்கு லீவு விட்டிருக்கிறேன்.

ஜூலை 1, திங்கள்

மாரப்பனே ஆட்டோ கொண்டுவந்து என்னை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். வழி முழுக்க என் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். அது மரியாதை என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மா எனக்கு மகள் வயதுதான் இருப்பார். விட்டு விளாசிவிட்டார். "பத்து நாளைக்கு எழுதுன மாத்திரைய அஞ்சு மாசத்துக்கு மேல சாப்பிட்டிருக்கீங்க. அப்புறம் ஒரே நாள்ல ரெண்டையும் நிறுத்தியிருக்கீங்க. வலிப்பு வந்திருந்தா என்ன பண்ணுவீங்க?"

நான் அப்போதும் விடவில்லை. "டாக்டர், நான் காலையில தெளிவாத்தான் இருந்தேன். தூக்கக் கலக்கமே கிடையாது."

"தெளிவா இருக்கற மாதிரிதாம்மா இருக்கும். மனசுக்கு நான் குடுத்த மாத்திரைக்கே லேசாத் தூக்கம் உண்டு. உடம்பு அதுக்குப் பழகிக்கும். அதோட தூக்க மாத்திரையும் சேர்ந்தா ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு இல்ல, மூணு நாலு ஆயிடும். கண்ணு பாத்துடும், மூளை சொல்லிடும், கால் போறதுக்குள்ள நேரம் ஆயிடும். சாராயம் குடிச்சவனுக்கும் இதேதான் நடக்குது. அவனுக்காவது தான் குடிச்சது தெரியும்."

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வாடை அடித்ததென்று ஒருவனை வாசலோடு அனுப்பினேனே, இந்த ஐந்து மாதமும் அவனைவிட மோசமான நிலையில் நான் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாடை இல்லை, அவ்வளவுதான்.

"அப்ப அந்த மனசு மாத்திரையும் வேண்டாமுங்களா?" என்று கேட்டேன்.

"அது வேணும். அதுதான் உங்கள எழுப்பி உட்கார வச்சது. அது இல்லாம படுத்துக் கெடந்தாலும் கால் ஓடாது. தூக்க மாத்திரைய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா கொறைப்போம். ஆறு ஏழு வாரம் ஆகும். நான் சொல்ற வரைக்கும் வண்டியத் தொடக் கூடாது. எந்தப் பக்கத்து சீட்டுலயும்."

ஜூலை 3, புதன்

பள்ளியை மூடவும் முடியாது, நான் உட்காரவும் முடியாது. சுபத்ராவுக்கு இன்னும் பதினைந்து நாளில் டெஸ்ட். பெண்களுக்குப் பெண்ணே கார் பயிற்சி என்று போர்டிலேயே எழுதியிருக்கிறேன். மாரப்பனை உட்காரவைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். பழையபடி இடுப்புவலி என்று சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாய்வரை வந்தது. அந்தக் காபி நினைவுக்கு வந்தது.

சுபத்ராவை உட்காரவைத்து மார்கழியிலிருந்து எல்லாம் சொன்னேன். மாத்திரை, தூக்க மாத்திரை, கால். அவள் ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியுமுங்க அக்கா."

"என்ன தெரியும்?"

"மாத்திரைன்னு தெரியாதுங்க. கால் வராதுன்னு தெரியும். மொத வாரமே ஒரு பஸ்ஸு முன்னாடி நின்னப்ப நீங்க பாத்துட்டே உக்காந்திருந்தீங்க. நாந்தான் பதறிப் புடிச்சன். அப்பறம் நாங்களே பேசி வச்சுக்கிட்டமுங்க. அக்கா கால நம்பக் கூடாது, நம்மளேதான் புடிச்சுக்கோணும்னு. நஸ்ரின் மேடமும் அப்புடித்தானுங்க ஓட்டுனாங்க."

இந்த பேட்ச்சே தனி என்று நான் எழுதியதைத் திருப்பிப் படித்துப் பார்க்கத் தைரியம் இல்லை.

"ஏன் அம்முணி எங்கிட்ட சொல்லல?"

"உங்ககிட்ட யாருங்க போயி சொல்றது?" என்றாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். "கௌரிகிட்ட மட்டும் சொல்ல உட்டுப்போச்சுங்க. புதுப் புள்ள. அந்தச் சைக்கிளு எம்மனச அறுக்குது."

என் பாவத்துக்கு அவள் அழுதாள். என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாத அளவுக்கு நான் பெரிய ஆளாகிப்போயிருக்கிறேன். கீறலே விழாதவள் என்று பதினேழு வருடமாக நான் அடித்த தம்பட்டம் அந்தப் பெண்களின் வாயைக் கட்டிவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். சாயங்காலம் கௌரி வீட்டுக்கும், அந்தச் சைக்கிள் பெண்ணின் வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வந்தேன். இந்தத் தடவை அந்த அம்மா காபி கொடுக்கவில்லை. பத்து நிமிடம் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன், அது எனக்கு வேண்டியிருந்தது.

ஜூலை 4, வியாழன்

கௌரி திரும்ப வந்துவிட்டாள். மாரப்பன் இடப்பக்கம் உட்கார்ந்தான். பின் சீட்டில்கூட நான் ஏறவில்லை. வாசலில் நின்று கையசைத்தேன்.

ஜூலை 10, புதன்

தூக்க மாத்திரையில் கால் பங்கு குறைந்திருக்கிறது. தூக்கம் நான்கு மணி நேரம். துணி துவைத்தேன், இரண்டு காரையும் கழுவினேன். ஓட்டத்தான் கூடாது, கழுவலாமே.

ஜூலை 18, வியாழன்

சுபத்ராவுக்கு டெஸ்ட். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மதிலுக்கு வெளியே புங்கமரத்தடியில் நின்றேன். எட்டுப் போட்டாள், ஒரு கோணல் இல்லை. பிறகு இன்ஸ்பெக்டரை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். என்னைக் கடக்கும்போது ஒரு லாரி கண்டபடி ஒடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. என் வலது கால் தானாக மண்ணை அமுக்கியது. அவள் அதற்குள் நிறுத்தி, லாரி போகக் காத்திருந்து, நிதானமாக எடுத்துக்கொண்டு போனாள்.

ஆயிரத்துச் சொச்சம் பேரில் எவளுக்கும் நான் இப்படி நெஞ்சு நிமிர்த்தவில்லை. மற்றவர்களை என் கால் காப்பாற்றியது. இவள் என்னையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டு கற்றுக்கொண்டவள்.

ஜூலை 24, புதன்

சுபத்ரா தன் கணவரைத் தானே ஓட்டிக் கூட்டிப்போய் வந்தாளாம். போனில் அவர் பேசினார். "வர்றப்ப பின்னாடி படுத்துத் தூங்கிட்டனுங்க" என்றார்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தூக்க மாத்திரை முக்கால்வாசி குறைந்துவிட்டது. காலையில் மாரப்பன் ஊதினான், நான் ஸ்கேல் பிடித்தேன். பதினாறு. இனி தினமும் இரண்டு பேருக்கும் பரீட்சை என்று முடிவாகிவிட்டது. அவனுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. டாக்டரம்மாவிடம் போனில் சொன்னேன். "ஸ்கேல் சொன்னா போதாதும்மா, நான் சொல்லணும். இன்னும் ரெண்டு வாரம்" என்றார். சரி என்றேன். எனக்கே இது புதிது.

ஆகஸ்ட் 12, திங்கள்

பள்ளிக்குப் பதினேழு வருடம் நிறைந்தது. அதே நாளில் புது பேட்ச் வகுப்பு, ஏழு பேர். சிக்னல், பலகை எல்லாம் நடத்திவிட்டுக் கரும்பலகையில் சாராயம் என்று எழுதினேன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குக் கீழே தூக்க மாத்திரை, சளிக்குப் போடுகிற தூக்கம் வரும் மாத்திரை, மனசுக்குப் போடுகிற மாத்திரை என்று எழுதினேன். சிரிப்பு நின்றது.

"கடைசியா எழுதுனதை நான் சாப்பிடறேன்" என்றேன். "இன்னைக்கும் சாப்பிடுவேன். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டா அது மருந்து. டாக்டருக்குத் தெரியாம அதோட வேற ஒண்ணச் சேர்த்துச் சாப்பிட்டு உங்க பக்கத்துல உக்காந்தா, நான் குடிகாரியாட்டத்தான். நான் அப்படி உக்காந்தேன். ஒரு புள்ளைக்கு அடிபட்டுச்சு. அதனாலதான் இன்னும் கொஞ்ச நாளைக்கு மாரப்பன் உங்களோட வருவான்."

மகளைச் சேர்க்க வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "பைத்தியத்துக்கு மாத்திரை திங்கறவகிட்டயா புள்ளய உடறது" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். மாரப்பன் அவரைத் தடுக்கப் போனான், விடச் சொன்னேன். போர்டில் பதினேழு வருடம் என்று எழுதி மாலை போட்டிருந்த நாளில், என் பெயரை நானே தெருவில் போட்டுவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். மேனகா மட்டும் செருப்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக வாசலில் நின்றாள். இருபத்தாறு வயது, கைக்குழந்தைக்காரி. கைப்பையைத் திறந்து, கைக்குட்டைக்குள் சுற்றிவைத்திருந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாள். இரண்டு அட்டை.

"கொழந்த பொறந்ததுல இருந்து சாப்பிடறனுங்க அக்கா. வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க. ஒண்ணு டாக்டர் குடுத்தது. இன்னொண்ணு... நானா வாங்குனதுங்க." கண்ணில் நீர் நின்றது. "நான் வண்டி ஓட்டலாமுங்களா? முடியாதுன்னுருவாங்களா?"

"நான் டாக்டர் இல்ல கண்ணு. ஆனா டாக்டர் எங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியும். வா, இப்பவே போலாம்."

இரண்டு பேரும் தெருமுனைக்கு நடந்தோம். ஆட்டோக்காரர் எங்கள் பள்ளி வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னுங்கக்கா, ரெண்டு காரு சும்மா நிக்குது, நீங்க ஆட்டோவுல?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருமே இன்னைக்கு ஓட்டக் கூடாதுங்க" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு ஏறினேன். மேனகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.